வாக்கியக் கணக்கிலிருந்து சமன்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"3க − 5 = 16 என்றால் க எவ்வளவு?" என்று கேட்டதும் 7 என்று சொல்லிவிடுகிற பிள்ளை, அதே கணக்கை நான்கு வரியில் எழுதிக் கொடுத்தால் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடும். சமன்பாட்டைத் தீர்ப்பது ஒரு திறமை, அதை அமைப்பது வேறொரு திறமை. பள்ளியில் முதலாவதற்குக் கிடைக்கிற பயிற்சி இரண்டாவதற்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. இந்தப் பக்கம் இரண்டாவதற்காக எழுதியது. பாடப்புத்தகத்தில் எக்ஸ் வருகிற இடத்தில் இங்கே 'க' வரும்.

கணக்கைப் படித்துவிட்டேன். சமன்பாடு எங்கிருந்து வரும்? எதைத் தேட வேண்டும்?

ஒரே அளவை இரண்டு விதமாகச் சொல்ல முடிகிற இடத்தைத் தேடுங்கள். சமன்பாடு பிறப்பது அங்கேதான்.

ஒரு எளிய கணக்கு: ஓர் எண்ணின் 3 மடங்கிலிருந்து 5-ஐக் கழித்தாலும், அதே எண்ணோடு 11-ஐக் கூட்டினாலும் ஒரே விடை வருகிறது. அந்த எண் எது?

இங்கே அந்த 'ஒரே விடை'தான் நாம் தேடும் அளவு. ஒரு வழியில் அது 3க − 5. இன்னொரு வழியில் அது க + 11. இரண்டும் ஒன்றையே குறிப்பதால் நடுவில் சமக்குறி போடலாம்:

3க − 5 = க + 11

இரண்டு பக்கத்திலும் க-வைக் கழித்தால் 2க − 5 = 11. இரண்டு பக்கத்திலும் 5-ஐக் கூட்டினால் 2க = 16. ஆக க = 8. சரிபார்த்தால் 24 − 5 = 19, 8 + 11 = 19.

வேறு வகைக் கணக்குகளிலும் இதே தேடல்தான். செவ்வகக் கணக்கில் இரண்டு விதமாகச் சொல்லப்படுவது சுற்றளவு. துரத்திப் பிடிக்கும் கணக்கில் அது தொலைவு. கரைசல் கணக்கில் அது உள்ளே கரைந்திருக்கும் பொருளின் அளவு. கணக்கைப் படித்து முடித்ததும் "இதில் எந்த அளவு இரண்டு தடவை வருகிறது?" என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதிக்கு மேல் முடிந்த மாதிரிதான்.

முதல் வரியாக என்ன எழுதுவது?

க என்றால் என்ன என்பதை ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள். "க = மகள்" என்று எழுதினால் போதாது. "க = மகளின் இன்றைய வயது, ஆண்டுகளில்" என்று எழுத வேண்டும். க என்பது ஓர் எண், ஆளுமில்லை, பொருளுமில்லை. எதன் எண்ணிக்கை, எப்போதைய அளவு, எந்த அலகில் என்ற மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. க்ளெமென்ட், லாக்ஹெட், மாங்க் ஆகிய மூவர் 1981-இல் வெளியிட்ட ஓர் அமெரிக்க ஆய்வில், பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம் ஒரே ஒரு வாக்கியத்தைக் கொடுத்தார்கள்: "இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல 6 மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள்." மாணவர் எண்ணிக்கைக்கு ஓர் எழுத்து, பேராசிரியர் எண்ணிக்கைக்கு ஓர் எழுத்து வைத்துச் சமன்பாடு எழுதச் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தவறாக எழுதினார்கள். அந்தத் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி: நம் எழுத்துகளில் சொன்னால் 6ம = ப.

ஏன் அப்படி? ம என்பதை 'மாணவர்' என்றே படித்துவிடுகிறோம். "ஆறு மாணவருக்கு ஒரு பேராசிரியர்" என்று மனதில் ஓடுகிறது, கை 6ம = ப என்று எழுதிவிடுகிறது. ம என்பது மாணவர்களின் எண்ணிக்கை என்று நினைவில் இருந்தால், இரண்டில் எது பெரிய எண் என்ற கேள்வி தானாக வரும். பேராசிரியர்கள் 10 பேர் என்றால் மாணவர்கள் 60 பேர். 60-ஐப் பெற 10-ஐத்தான் ஆறால் பெருக்க வேண்டும். ஆக ம = 6ப. மடங்கு வருகிற கணக்குகளில் எல்லாம் இப்படி ஓர் எண்ணைப் போட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

'அதிகம்' என்றால் கூட்டல், 'குறைவு' என்றால் கழித்தல் என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். அதை மனப்பாடம் செய்யலாமா?

வேண்டாம். அந்தப் பட்டியல் எளிய கணக்கில் உதவுவது போலத் தெரியும், கொஞ்சம் மாற்றிக் கேட்டால் கவிழ்த்துவிடும். இதைப் பாருங்கள்: ஒரு பெட்டியில் 24 பந்துகள் இருக்கின்றன. இது இன்னொரு பெட்டியில் இருப்பதை விட 6 அதிகம். இன்னொரு பெட்டியில் எத்தனை?

'அதிகம்' என்று பார்த்ததும் 24 + 6 = 30 என்று போடுகிறவர்கள் நிறைய. ஆனால் இன்னொரு பெட்டியில் க பந்துகள் என்றால் க + 6 = 24, க = 18. வாக்கியத்தில் கூட்டல் இருக்கத்தான் செய்கிறது. அது தெரியாத எண்ணின் பக்கம் இருக்கிறது.

பட்டியலுக்குப் பதிலாக வாக்கியத்தின் அமைப்பைக் கவனியுங்கள். 'விட' எந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கிறதோ அதுதான் ஒப்பிடும் அடிப்படை. "அகலத்தை விட நீளம் 4 அதிகம்" என்றால் அகலத்தோடு 4-ஐக் கூட்டினால் நீளம். 'இலிருந்து' எதோடு வருகிறதோ அது கழித்தலில் முதலில் நிற்கும். "20-இலிருந்து ஓர் எண்ணைக் கழித்தால்" என்றால் 20 − க. அதைத் திருப்பி க − 20 என்று எழுதினால் எல்லாம் மாறிவிடும்.

அப்புறம், அடைப்புக்குறி எங்கே வரும் என்பதையும் நம் வாக்கியமே சொல்லிவிடும். "ஓர் எண்ணோடு 4-ஐக் கூட்டி, 3-ஆல் பெருக்கினால்" என்பதில் 'கூட்டி' முதலில் நடந்து முடிகிறது. ஆகவே 3(க + 4). "ஓர் எண்ணின் 3 மடங்கோடு 4-ஐக் கூட்டினால்" என்பதில் மடங்கு முதலில் வந்துவிட்டது. அது 3க + 4. வாக்கியத்தில் எந்தச் செயல் முதலில் முடிகிறது என்று பார்த்து எழுதுங்கள்.

"3 மடங்கு அதிகம்" என்று வருகிற கணக்கு மட்டும் உண்மையிலேயே குழப்பமானது. சிலர் மொத்தம் 3 மடங்கு என்று கொள்வார்கள், சிலர் ஏற்கெனவே இருப்பதோடு இன்னும் 3 மடங்கு என்று கொள்வார்கள். கேள்வி எழுதுகிறவர்கள் "3 மடங்கு" என்று மட்டும் எழுதினால் நல்லது.

படித்தேன், மறுபடியும் படித்தேன், ஒன்றும் ஓடவில்லை. என்ன செய்வது?

விடையை ஊகியுங்கள். ஆமாம், ஏதாவது ஓர் எண்ணை விடை என்று வைத்து, அது சரியா என்று சோதித்துப் பாருங்கள். ஊகம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. சோதிக்கிற வழிதான் நமக்கு வேண்டியது. என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும் விடப் பயனுள்ள உத்தி இதுதான்.

கணக்கு: ஒரு செவ்வகத்தின் நீளம், அகலத்தின் இரு மடங்கை விட 3 மீட்டர் குறைவு. சுற்றளவு 42 மீட்டர். நீள அகலங்கள் என்ன?

அகலம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீளம் எவ்வளவு? இரு மடங்கில் 3 குறைவு, அதாவது 2 × 10 − 3. இதை 17 என்று சுருக்கிவிடாதீர்கள், அப்படியே விட்டு வையுங்கள். சுற்றளவு என்பது நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரண்டால் பெருக்குவது:

2 × (10 + 2 × 10 − 3)

இது 54 வருகிறது. 42 வந்திருக்க வேண்டும். ஊகம் தப்பு. ஆனால் இப்போது மேலே எழுதிய வரியைப் பாருங்கள். அதில் 10 வருகிற இடத்தில் எல்லாம் க என்று போட்டு, 42-க்குச் சமம் என்று எழுதினால் முடிந்தது:

2(க + 2க − 3) = 42

இரண்டால் வகுத்தால் 3க − 3 = 21. 3க = 24. அகலம் 8 மீட்டர், நீளம் 13 மீட்டர்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஊகிக்கிற எண் கணக்கில் ஏற்கெனவே இருக்கிற எண்ணாக இருக்கக் கூடாது. அகலம் 2 என்று ஊகித்திருந்தால், எழுதிய வரியில் எந்த 2 ஊகம், எந்த 2 மடங்கு, எந்த 2 சுற்றளவுக்கானது என்று பிரிக்க முடியாமல் போகும். இன்னொன்று முன்பே சொன்னதுதான்: இடையில் சுருக்கக் கூடாது. சுருக்கினால் ஊகித்த எண் கரைந்து காணாமல் போய்விடும்.

ஊகத்தில் தொடங்குவது குறுக்கு வழி என்று தயங்க வேண்டாம். கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தின் பழைய கணித ஏடான ரைண்டு பாப்பிரஸில் ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு குவியலும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்து 19. குவியல் எவ்வளவு? அதற்குச் செய்யும் முதல் வேலையே விடை 7 என்று ஊகிப்பதுதான். 7-உம் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்து 8. வேண்டியது 19. எனவே 8-ஐ எத்தனை மடங்காக்கினால் 19 வருமோ அத்தனை மடங்கு 7-ஐப் பெருக்கினால் விடை: 16 முழுசும் எட்டில் ஐந்தும். நம் முறையில் க + க/7 = 19 என்று எழுதினாலும் இதே விடைதான்.

எந்த அளவுக்கு 'க' என்று பெயர் வைப்பது? கேட்ட அளவுக்கேதானா?

கட்டாயமில்லை. எதை வைத்து மற்றவை விவரிக்கப்படுகின்றனவோ அதற்கு வைத்தால் வேலை சுலபம். மேலே நீளத்தை அகலத்தின் மூலம் சொன்னார்கள். அதனால் அகலம் க ஆனது. நீளத்தை க என்று வைத்திருந்தால் அகலம் (க + 3)/2 என்று ஆகியிருக்கும். விடை மாறாது, பின்னம்தான் கூடுதல் தொல்லை.

அடுத்தடுத்த மூன்று ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை 81 என்றால், நடு எண்ணை க என்று வையுங்கள். (க − 2) + க + (க + 2) = 81 என்பதில் 2-கள் ஒன்றையொன்று அடித்துவிடும். 3க = 81, க = 27. எண்கள் 25, 27, 29.

ஈரிலக்க எண் கணக்கில் எண்ணையே க என்று வைத்தால் வழி அடைபட்டுவிடும். இலக்கத்துக்குப் பெயர் வைக்க வேண்டும். ஓர் ஈரிலக்க எண்ணின் இலக்கங்களின் கூடுதல் 12. இலக்கங்களை இடம் மாற்றினால் எண் 18 கூடுகிறது. பத்தாம் இட இலக்கம் க என்றால் ஒன்றாம் இட இலக்கம் 12 − க. பழைய எண்ணின் மதிப்பு 10க + (12 − க), அதாவது 9க + 12. புதிய எண் 10(12 − க) + க, அதாவது 120 − 9க. புதியது பழையதை விட 18 அதிகம்:

120 − 9க = 9க + 12 + 18

18க = 90, க = 5. எண் 57; மாற்றினால் 75. இலக்கங்களை அடுத்தடுத்து 'க(12 − க)' என்று எழுதிவிடுவது இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. இயற்கணிதத்தில் அப்படி ஒட்டி எழுதினால் பெருக்கல் என்று பொருள்.

எந்த எழுத்து என்பது முக்கியமில்லை. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி குறியீடே இல்லாமல் முழுக்க வாக்கியங்களாலேயே சமன்பாடுகளைத் தீர்த்தார். பண்டைய இந்தியக் கணித அறிஞர்கள் தெரியாத அளவுகளுக்கு நிறங்களின் பெயர்களை வைத்தார்கள். இன்று நாம் எக்ஸ், ஒய் என்று எழுதுகிற வழக்கம் பிரெஞ்சு அறிஞர் டேகார்ட் 1637-இல் வெளியிட்ட வடிவியல் நூலிலிருந்து வருவது.

வயதுக் கணக்கில் எப்போதும் தப்பு வருகிறது. ஏன்?

நேரம் நகர்வதை எல்லோருக்கும் சேர்த்துச் செய்யாததால். இந்தக் கணக்கை எடுத்துக்கொள்வோம்: தாயின் வயது மகளின் வயதைப் போல 4 மடங்கு. இன்னும் 4 ஆண்டுகளில் அது 3 மடங்காக இருக்கும். இப்போதைய வயதுகள் என்ன?

சமன்பாட்டுக்குப் போகும் முன் நான்கு அளவுகளை எழுதிவிடுங்கள்.

இன்று: மகள் க, தாய் 4க.
4 ஆண்டுகள் கழித்து: மகள் க + 4, தாய் 4க + 4.

இரண்டு விதமாகச் சொல்ல முடிகிற அளவு, 4 ஆண்டுகள் கழித்துத் தாயின் வயது. இன்றைய வயதிலிருந்து பார்த்தால் 4க + 4. மகளின் அன்றைய வயதிலிருந்து பார்த்தால் 3(க + 4). ஆக

4க + 4 = 3(க + 4)
4க + 4 = 3க + 12
க = 8

மகளுக்கு 8, தாய்க்கு 32. நான்கு ஆண்டுகளில் 12-உம் 36-உம்.

இப்போது தவறுகளைப் பாருங்கள். அடைப்புக்குறியை விட்டுவிட்டு 4க + 4 = 3க + 4 என்று எழுதினால் க = 0 வரும். மகள் இன்றுதான் பிறந்திருக்கிறாள், தாயின் வயதும் பூஜ்ஜியம்! மகளுக்கு 4-ஐக் கூட்ட மறந்து 4க + 4 = 3க என்று எழுதினால் க = −4. ஒவ்வொரு தவறும் தன் முத்திரையை விடையில் விட்டுச் செல்கிறது. பூஜ்ஜியம் வந்தால் அடைப்புக்குறியைத் தேடுங்கள். மைனஸில் வயது வந்தால் யாருக்குக் கூட்ட மறந்தோம் என்று தேடுங்கள்.

மைனஸில் விடை வந்தாலே தப்பு என்று வைத்துக்கொள்ளலாமா?

இல்லை. க எதைக் குறிக்கிறது என்பதைப் பொறுத்தது. தந்தைக்கு 50, மகனுக்கு 20. எத்தனை ஆண்டுகளில் தந்தையின் வயது மகனின் வயதைப் போல 3 மடங்காகும்? 50 + க = 3(20 + க) என்று எழுதித் தீர்த்தால் க = −5. வயது மைனஸில் இருக்க முடியாது. 'இன்னும் எத்தனை ஆண்டுகள்' என்பது இருக்கலாம். 5 ஆண்டுகளுக்கு முன் தந்தைக்கு 45, மகனுக்கு 15. அது சரியாக 3 மடங்கு. கேள்வி எதிர்காலத்தைக் கேட்டது, சமன்பாடு கடந்த காலத்தைக் காட்டியது. இப்படி ஒரு விடை வரும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கும்.

பயணக் கணக்கில் எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

அலகில். முதல் வண்டி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது. 30 நிமிடம் கழித்து இரண்டாவது வண்டி அதே இடத்திலிருந்து அதே பாதையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது. எவ்வளவு நேரத்தில் பிடிக்கும்?

பிடிக்கிற அந்த இடத்தில் இரண்டும் ஒரே தொலைவு வந்திருக்கும். அதுதான் இரண்டு விதமாகச் சொல்லக்கூடிய அளவு. இரண்டாவது வண்டி ஓடிய நேரம் க மணி என்றால் முதல் வண்டி ஓடிய நேரம் க + ½ மணி.

40(க + ½) = 60க

40க + 20 = 60க, க = 1. ஒரு மணி நேரத்தில், 60 கி.மீ. தாண்டியதும் பிடித்துவிடும். 30 நிமிடம் என்பதை அப்படியே 30 என்று போட்டு 40(க + 30) = 60க என்று எழுதியிருந்தால் 60 மணி நேரம், 3,600 கி.மீ. என்று வந்திருக்கும். வேகம் மணிக்கணக்கில் இருந்தால் நேரமும் மணிக்கணக்கில்தான் இருக்க வேண்டும்.

போகும்போது 40, வரும்போது 60 என்றால் சராசரி 50 என்று எடுப்பதும் தவறு. போக வர மொத்தம் 5 மணி நேரம் ஆனது, ஒரு வழித் தொலைவு எவ்வளவு என்று கேட்டால், இங்கே இரண்டு விதமாகச் சொல்லப்படுவது நேரம்: க/40 + க/60 = 5. இரண்டு பக்கத்தையும் 120-ஆல் பெருக்கினால் 3க + 2க = 600, க = 120 கி.மீ. மொத்தம் 240 கி.மீ. தொலைவை 5 மணியில் கடந்ததால் சராசரி 48.

சதவீதக் கரைசல் கணக்கு?

சதவீதத்தோடு சதவீதத்தைக் கூட்ட வேண்டாம். உள்ளே இருக்கும் உப்பைக் கணக்கிடுங்கள். 10% உப்புக் கரைசல் 6 லிட்டர் இருக்கிறது. 30% கரைசல் எவ்வளவு சேர்த்தால் கலவை 15% ஆகும்? கலப்பதற்கு முன் இருந்த மொத்த உப்பும் கலந்த பின் இருக்கும் உப்பும் ஒன்றுதான். 0.6 + 0.3க = 0.15(6 + க). 0.15க = 0.3, க = 2 லிட்டர். வலது பக்கத்தில் 6 + க என்று எழுத மறப்பதுதான் இங்கே வழக்கமான வழுக்கல்: சேர்த்த பிறகு கலவையின் அளவும் கூடிவிட்டது.

பின்னங்கள் நிறைய வந்தால் பயமாக இருக்கிறது.

பாஸ்கராச்சாரியார் 1150-இல் எழுதிய லீலாவதியில் ஒரு தேனீக் கணக்கு உண்டு. ஒரு தேனீக் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு கடம்ப மலருக்குப் போனது, மூன்றில் ஒரு பங்கு இன்னொரு மலருக்கு. இந்த இரண்டு பங்குகளின் வித்தியாசத்தைப் போல மூன்று மடங்கு மூன்றாவது மலருக்குப் போனது. மிச்சம் ஒரே ஒரு தேனீ காற்றில் அலைந்துகொண்டிருந்தது. மொத்தம் எத்தனை?

மொத்தம் என்பதை க என்றும் சொல்லலாம், எல்லாப் பங்குகளின் கூடுதல் என்றும் சொல்லலாம்:

க/5 + க/3 + 3(க/3 − க/5) + 1 = க

5, 3 இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 15. எல்லா உறுப்பையும் 15-ஆல் பெருக்கினால் பின்னமே போய்விடும்:

3க + 5க + 3(5க − 3க) + 15 = 15க
14க + 15 = 15க
க = 15

3, 5, 6, 1 என்று தேனீக்கள் சரியாகப் பிரிகின்றன. பெருக்கும்போது தனியாக நிற்கிற அந்த 1-ஐயும் பெருக்க மறக்காதீர்கள். மறந்தால் க = 1 என்று வரும்.

தெரியாத அளவு இரண்டு இருந்தால் இரண்டு எழுத்து வேண்டுமா?

வைக்கலாம், அப்போது இரண்டு சமன்பாடுகள் வேண்டும். பல நேரங்களில் ஒன்றே போதும். சீனாவின் பழைய கணித நூலான சுன்சு சுவான்சிங்கில் வருகிற புகழ்பெற்ற கணக்கு: கோழிகளும் முயல்களும் சேர்ந்து தலைகள் 35, கால்கள் 94. கோழிகள் க என்றால், தலைக் கணக்கை வைத்து முயல்கள் 35 − க. கால்களை எண்ணினால் 2க + 4(35 − க) = 94. 140 − 2க = 94, க = 23. கோழி 23, முயல் 12. ஒரு தகவலை இரண்டாவது அளவுக்குப் பெயர் வைக்கச் செலவழித்தோம், மற்றொன்றைச் சமன்பாட்டுக்குச் செலவழித்தோம். ஒரே தகவலை இரண்டுக்கும் பயன்படுத்தினால் 35 = 35 என்று வந்து நிற்கும்.

ஒரே வரியில் 3 × 8 = 24 − 5 = 19 என்று எழுதலாமா?

கூடாது. 3 × 8 என்பது 24 − 5-க்குச் சமமில்லை. கூட்டல் கழித்தல் போடுகிற வயதில் சமக்குறி 'விடை இதோ' என்பது போலப் பழகிவிடுகிறது. சமன்பாட்டில் அந்தப் பழக்கம் இடிக்கும். 1557-இல் இந்தக் குறியை முதன்முதலில் அச்சில் பயன்படுத்திய ராபர்ட் ரெக்கார்ட், இரண்டு இணைகோடுகளை விடச் சமமானவை வேறில்லை என்பதால் அதைத் தேர்ந்தெடுத்ததாக எழுதினார். இருபுறமும் ஒரே மதிப்பு இருந்தால் மட்டுமே அது நடுவில் வரலாம். அடுத்த படியை அடுத்த வரியில் எழுதுங்கள்.

விடை வந்ததும் எப்படிச் சரிபார்ப்பது?

சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பது பாதிச் சரிபார்ப்புதான். சமன்பாடே தவறாக அமைந்திருந்தால் தவறான விடை அதில் அழகாகப் பொருந்தும். விடையைக் கணக்கின் வாக்கியங்களில் போட்டு, ஒவ்வொரு வாக்கியமும் உண்மையா என்று படியுங்கள்.

சமன்பாட்டுக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு. அடுத்தடுத்த மூன்று ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை 84 என்று கேட்டால் சமன்பாடு மறுப்பே சொல்லாமல் 26, 28, 30 என்று தரும். அவை இரட்டை எண்கள். 'ஒற்றை' என்ற சொல் சமன்பாட்டுக்குள் நுழையவே இல்லை. ஆக இதற்குச் சரியான விடை, "அப்படிப்பட்ட எண்கள் இல்லை" என்பதே. இன்னொன்று: கேட்டது தாயின் வயது என்றால் க = 8 என்று எழுதிவிட்டு எழுந்துபோகக் கூடாது. கேள்வியை ஒரு தடவை திரும்பப் படியுங்கள்.

பழகிப் பார்க்கச் சில கணக்குகள் தர முடியுமா?

விடையைப் பார்க்கும் முன் சமன்பாட்டையாவது எழுதிவிடுங்கள்.

ஓர் எண்ணோடு 9-ஐக் கூட்டி 2-ஆல் பெருக்கினால் 50 கிடைக்கிறது. 2(க + 9) = 50, எண் 16.

60 செ.மீ. கம்பியை இரண்டு துண்டாக்கினால், பெரிய துண்டு சிறியதன் 3 மடங்கை விட 4 செ.மீ. அதிகம். க + 3க + 4 = 60. துண்டுகள் 14 செ.மீ., 46 செ.மீ.

ஓர் எண்ணோடு அதன் 20 சதவீதத்தைச் சேர்த்தால் 90. க + 0.2க = 90, எண் 75. இதில் 90-இலிருந்து 20 சதவீதத்தைக் கழித்து 72 என்று சொல்லத் தோன்றும். சோதித்துப் பாருங்கள்: 72-உம் அதன் 20 சதவீதமும் சேர்ந்தால் 86.4தான்.

கடைசியாக, டயோஃபான்டஸ் என்ற கிரேக்கக் கணித அறிஞரின் வயதைப் பற்றிய பழைய புதிர். வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு சிறுவனாக இருந்தார். அடுத்த பன்னிரண்டில் ஒரு பங்கு கழிந்து தாடி முளைத்தது. அதன்பின் ஏழில் ஒரு பங்கு கழிந்து திருமணம். 5 ஆண்டுகளில் ஒரு மகன் பிறந்தான். தந்தையின் வாழ்நாளில் பாதிக் காலமே மகன் வாழ்ந்தான். அவன் போய் 4 ஆண்டுகளில் தந்தையும் போனார்.

க/6 + க/12 + க/7 + 5 + க/2 + 4 = க

6, 12, 7, 2 நான்குக்கும் மீச்சிறு பொது மடங்கு 84. எல்லாவற்றையும் அதனால் பெருக்கினால் 14க + 7க + 12க + 420 + 42க + 336 = 84க. அதாவது 75க + 756 = 84க, 9க = 756, க = 84. கதையில் வைத்துப் பார்த்தால் 14, 7, 12, 5, 42, 4 ஆண்டுகள், கூட்டினால் 84.